செயலாளர் வீட்டுச் செடி எப்போது பூக்கும்

என் மல்லிகைச் செடிகளை மொட்டை மாடியிலிருந்து தூக்கிக் குப்பை வண்டியில் போடச் சொன்னவர், முகப்பேரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்தார். நான் ஊற்றும் தண்ணீர் கசிந்து அவர் வீட்டுக் கூரை ஊறுகிறதாம். கசிந்தது மேலே இருந்த டேங்க் என்பது பிறகு தெரிந்தது. பங்குனி வெயிலில் செடி முழுக்க மொட்டு. மறுநாள் பறிக்கலாம் என்று விட்டுவைத்திருந்தேன். வந்து பார்த்தால், தொட்டிகள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாக ஈரம்தான் மிச்சம்.

"நான் இன்னா பண்ணுவேன் டீச்சர், அவுரு போட சொன்னாரு, போட்டேன். மொட்டோட கீதுன்னு சொல்லியும் பாத்தேன்," என்றார் வாட்ச்மேன்.

நேரே செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. பூ வேண்டுமென்றால் மார்க்கெட்டில் முழம் முழமாகக் கிடைக்குமே டீச்சர் என்றார். அன்றைக்கு என் வயிறு எரிந்தது. அப்படி இப்படி எரியவில்லை.

அப்போது அவர் மனைவி வீட்டில் இல்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, ஆவடி சேக்காட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம்தான் கொண்டுவந்து விடுவார்கள். இங்கே இருக்கிற ஆவடிதான், பைக்கில் போய்விட்டு வந்துவிடலாம். ஆனாலும் முறை என்றால் முறை. அதுவரை அவள் இந்த வாசலை மிதிக்க மாட்டாள். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

கோடை விடுமுறையில் ஒருநாள் என் கதவைத் தட்டினார். நான் தாவரவியல் டீச்சர் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. கூட வேலை செய்கிறவர் ஏதோ மூலிகை விதை கொடுத்தாராம், மூட்டுவலிக்கு நல்லதாம், இலை மஞ்சளடிக்கிறதாம், வந்து பார்க்க முடியுமா என்றார். போனேன். படுக்கையறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார். தொங்கவிட்ட விளக்கின் கீழே நின்றது செடி. விரல் விரித்த மாதிரி இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். கஞ்சா.

"புளிச்சகீரை மாதிரி இருக்கே சார்," என்றேன்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. ஆமாம் டீச்சர், அந்த வகைதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது எப்போது பூக்க ஆரம்பிக்கும் என்று கேட்டார். பூவில்தான் மருந்தே இருக்கிறதாம். மனைவி வருவதற்குள் பூத்து, பறித்து, அறையைக் காலி செய்தாக வேண்டுமாம். பிள்ளைக்குத் தொட்டில் கட்டப்போவது அந்த அறையில்தான்.

வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தேன். போலீசுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் என்னிடம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டவள் அவர் மனைவி, அவளோடு எனக்கு என்ன பகை? அதோடு, ஒரே நாளில் தீர்ந்துபோகிற கோபமா என் கோபம்?

வருஷா வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடம்தான் இது. சில செடிகள் வயது பார்த்துப் பூப்பதில்லை, இருட்டைப் பார்த்துப் பூக்கும். இரவு நீள்கிறது என்று தெரிந்தால்தான் மொட்டு வைக்கும். வகுப்பில் சாமந்தியைச் சொல்வேன். இதுவும் அந்த ஜாதிதான். விளக்கை அணைக்காதவரை இலை வரும், கிளை வரும், பூ மட்டும் வராது.

அவரும் சும்மா இல்லை, நெட்டில் தேடியிருந்தார்.

"இருட்டுல வைக்கணும்னு போட்டிருக்கே டீச்சர்?"

"அது பனி பெய்யற ஊருக்கு சார். நம்மூர்ல லைட்டை அணைச்சீங்கன்னா வேர் அழுகிடும்."

இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்த குரலில் சொன்னால் யார் எதிர்க்கேள்வி கேட்பார்கள்? விளக்கு இரவும் பகலும் எரிந்தது. கரண்ட் போனால் அவரைவிட எனக்குத்தான் பக்கென்றது. எங்கே செடி இருட்டைப் பார்த்துவிடுமோ என்று பயந்து இன்வெர்ட்டர் போடச் சொன்னேன், போட்டார். ஞாயிறுதோறும் போய்க் கணுக்கணுவாகத் தடவிப் பார்த்து, இதோ வந்துவிடும் என்பேன். மனுஷன் குழந்தையைப் பார்க்கப் போன இடத்திலிருந்தும் போன் போட்டுச் செடியை விசாரித்தார். அது ஃபேன் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார், பாவம். பாவம் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

புரட்டாசியில் மனைவி வரும் நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் செடியை வெட்டி, கறுப்புக் குப்பைப் பைகளில் திணித்துக்கொண்டு படியிறங்கினார். என் வாசலில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பூத்திருக்குமா டீச்சர்?"

பையைப் பிரித்து ஒரு நுனியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் இலை. ஒரு மொட்டு கிடையாது.

"அடடா, மொட்டு கட்டியிருக்கே சார்," என்றேன். "நாளைக்குப் பறிச்சிருக்கலாமே."

அவர் பையோடு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவைச் சாத்தினேன். என் வயிறு குளிர்ந்தது.