வெள்ளையாகத் தெரிந்த குழந்தை

கணவருக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, பாலிகஞ்சில் குடியிருக்கிறோம். மகள் பிறந்த ஐந்தாம் நாள், அவள் முகம் லேசாக மஞ்சளாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவளைப் போனில் படமெடுத்து, திருநெல்வேலியில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன்.

"பிள்ள நல்லா வெள்ளையாத்தானே இருக்கா, ஏன் பயப்படுத?" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் குழந்தையைப் பார்க்க வந்த எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண், அவளை ஜன்னல் பக்கம் தூக்கிப்போனார். "என்னம்மா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே" என்று இந்தியில் சொன்னார். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மஞ்சள் காமாலை.

நான் காட்டிய படத்தைப் பார்த்த டாக்டர், என் போனை வாங்கி, கேமராவில் முகத்தை வெளுப்பாகக் காட்டும் பியூட்டி மோடை அணைத்துவிட்டு மறுபடி படமெடுத்தார். இரண்டு படமும் ஒரே குழந்தை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். துர்கா பூஜைப் படங்களில் அழகாகத் தெரியவேண்டுமென்று அந்த மோடை முழுதாகக் கூட்டிவைத்தவள் நான்தான்.

மூன்று நாள் நீல விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்தினார்கள்.

அதன்பிறகு பியூட்டி மோடை நான் தொடுவதே இல்லை. "ஏன் எல்லாரும் கறுத்துட்டீங்க?" என்று படங்களைப் பார்க்கும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கறுத்தே இருந்துவிட்டுப் போகிறோம்.