மேல்தாளில் பட்ட மை

காலண்டர் சீசனில் சிறுநீர் சிவப்பாகப் போனபோது, அச்சகத்து மைதான் உடம்பில் ஏறிவிட்டது என்று பத்து நாள் சும்மா இருந்துவிட்டேன். பிறகு சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள். கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதித்த டாக்டர், அது தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் திரும்ப வரலாம், மூன்று மாதத்தில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் சிவகாசியில் இருந்த மனைவிக்குப் போன் போட்டேன். "மேல்தாள்லதான் மை பட்டிருக்கு. அடித்தாளுக்கு ஊறலை."

கூட வந்த மகள் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, திரும்ப வரலாம்னும் சொன்னாக. அப்பா அதை முழுங்கிட்டாக."

"அதான் அந்த மனுசன் குரல் நடுங்குதே. அடுத்து என்னைக்கு வரச் சொன்னாக? நானும் வாரேன்."

தேதி எனக்கு ஞாபகமில்லை. திரும்ப உள்ளே போய்க் கேட்டோம்.