ஆறு வருஷமாகக் கேட்காத கிட்டார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டே பேஸ் கிட்டாரும் வாசித்த ஆள் வேதமுத்து ஒருவன்தான். ஆறு வருஷம் வாசித்தான். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர், ஆடி மாதக் கூழ் ஊற்றுதல் என்று எத்தனையோ மேடை. வாசித்தது சத்தியம். ஆனால் அதைக் கேட்டேன் என்று சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் பனைமரத்திலோ மூங்கில் கம்பத்திலோ கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்தான் எல்லாவற்றுக்கும். பாட்டு, ஆர்மோனியம், பாங்கோஸ் எல்லாம் அதற்குள் போய்க் காதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பேஸ் கிட்டாரின் அடித்தொண்டை நாதம் மட்டும் உள்ளே போகும், வெளியே வராது. மேடையில் வாசிக்கிற வேதமுத்துவுக்கே கேட்காது. குனிந்து தாடையைக் கிட்டார் கட்டையில் வைத்து அழுத்திக்கொண்டால் எலும்பு வழியாகக் கொஞ்சம் தெரியும். பார்க்கிறவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அவன் பேஸுக்கு வந்ததே விரலால்தான். லேத்தில் உழைத்துத் தடித்த விரல் அது. சாதாரண கிட்டாரில் ஒரு கம்பியை அமுக்கப் போனால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கும். நாலே கம்பி, அதுவும் இடைவெளி விட்டு, கயிறு மாதிரி தடிமனாக இருக்கிற கிட்டார் ஒன்று உண்டு என்று தெரிந்ததும் மனுஷன் துள்ளிக் குதித்தான். மூர் மார்க்கெட்டில் கழுத்து உடைந்த ஒன்றை வாங்கி வந்து, தேக்கில் கழுத்து செதுக்கி, கம்பியை இறுக்குகிற முறுக்காணிகளைத் தன் லேத்திலேயே பித்தளையில் கடைந்து மாட்டினான். புதுக் கம்பி கிடைக்காது. பழசையே மாதம் ஒருமுறை கழற்றி வெந்நீரில் கொதிக்கவைப்பான், அழுக்குப் போய் நாதம் திரும்பும். அதற்கு அவன் பெண்டாட்டி செலின் சோறு வடிக்கிற குண்டான்தான் வேண்டும். அவள் திட்டாத திட்டு இல்லை.

எழுபத்திரண்டாம் வருஷம், திருமழிசையில் ஒரு கல்யாணக் கச்சேரி. இரண்டாவது பாட்டிலேயே வேதமுத்துவின் கிட்டாரிலிருந்து ஒயர் கழன்று விழுந்திருக்கிறது. கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போதுதான் கண்டுபிடித்தார்கள். பதினெட்டுப் பாட்டு! பாடகனுக்குத் தெரியவில்லை, மைக் செட்காரனுக்குத் தெரியவில்லை, கூட்டத்துக்குத் தெரியவில்லை. கொடுமை, வாசித்தவனுக்கே தெரியவில்லை.

கச்சேரிக் குழுவை நடத்தியவன் தேவராஜ், வேதமுத்துவின் கம்பெனியிலேயே டைம் ஆபீஸ் கிளார்க், பாடுகிறவனும் அவன்தான். கெட்டவன் இல்லை, ஆனால் வாய்க்கு வந்ததை மடியில் கட்டிவைக்கத் தெரியாது.

"வேதமுத்து, தப்பா எடுத்துக்காத. நீ வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்காட்டியும் ஒண்ணுதான். ஆயுத பூஜை வரிக்கும் இரு. அப்பறம் ட்ரம்பெட்டுக்கு ஒரு ஆள் பாத்து வெச்சிகீறேன்."

அன்றைக்கு வேதமுத்து சாப்பிடவில்லை. ட்ரம்பெட் வாசிக்கட்டும், யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். ஆனால் தன்னை ஒருமுறைகூடக் கேட்காமல் அனுப்புகிறார்களே என்றுதான் அவனுக்கு வயிறு எரிந்தது. நன்றாயில்லை என்று துரத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான்.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது சேதி வந்தது. அவன் குடியிருந்த ஆவடியிலேயே ரொசாரியோ என்று ஓய்வுபெற்ற ரயில்வே டிரைவர், ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். கட்டில் பீரோ எல்லாம் விற்றாயிற்று. மகன் வாசித்த பேஸ் கிட்டாருக்கென்றே செய்த சீமை ஆம்ப்ளிஃபயரும் அதன் ஸ்பீக்கர் பெட்டியும் மிச்சம் இருக்கின்றன. மவுண்ட் ரோடு ஓட்டல் பேண்டுக்காரன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். வேதமுத்து சனிக்கிழமையே லீவு போட்டான்.

சாமானை எடைபோட ஆள் வேண்டுமே? சேக்காட்டில் மைக் செட் வைத்திருந்த வேம்புலியைக் கூப்பிட்டான். ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எவன் ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் விற்றாலும் வேம்புலி வந்து தலையாட்ட வேண்டும். மைக் செட்காரர்களின் சோதனை ஒன்றே ஒன்று: எவ்வளவு தூரம் கேட்கிறது? திருவிழாக் கமிட்டியும் அதைத்தான் கேட்கும். வெட்டவெளியில் ஸ்பீக்கரை வைத்துப் பாடவிட்டு, ஒரு ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டே போவான். சத்தம் நின்ற இடத்தில் இறங்கி ஒரு கல்லை நட்டுவிட்டு வருவான். கல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு.

ரொசாரியோ வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் வேதமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனான். இடுப்பு உயரம், கறுப்புத் துணி போர்த்த முகம், இரண்டு ஆள் பிடித்தால்தான் அசையும். அதன்மேல் ஆம்ப்ளிஃபயர், உள்ளே பல்பு மாதிரி நாலு வால்வு.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது மேன்" என்றார் ரொசாரியோ. "பையன் முன்னாடியே ஆஸ்திரேலியா போய்ட்டான். புடிச்சிருந்தா எடு, இல்லேன்னா நாளைக்கி வர்றவனுக்குக் கொடுத்திடறேன்."

வேம்புலி தன் குழாயையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளி. ஒயரை இழுத்து இரண்டையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். முதலில் குழாய்க்கு ரிக்கார்டைப் போட்டுவிட்டு வேம்புலி சைக்கிளில் போனான், ஏரிக்கரையில் கல்லை நட்டான். அடுத்து வேதமுத்து தன் கிட்டாரைப் பெட்டியில் செருகி வாசித்தான். சத்தக் குமிழை முழுசாகத் திருப்பியும் காற்றில் ஏதோ முனகல்தான். வேம்புலி வேலிகாத்தான் புதர் தாண்டியதுமே இறங்கிவிட்டான்.

"மச்சான், நம்ம குழாய் ஏரிக்கரை வரிக்கும் கணீர்னு போவுது. இது அந்தப் பொதரத் தாண்டல. ஊமைப் பொட்டிடா. காசக் கரியாக்காத."

வேதமுத்து பிளக்கைப் பிடுங்கினான். இனி வேறு எங்கே போய்த் தேட? சீமைச் சாமானிலேயே கேட்காது என்றால் தன் கிட்டாரின் தலையெழுத்தே அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தான்.

அப்போது பிடித்துக்கொண்டது புரட்டாசி மழை. அடுத்தவர் சாமான் நனைந்தால் யார் பதில் சொல்வது? இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, சாமான் எல்லாம் விற்றுக் காலியாகக் கிடந்த முன்னறையில் சுவர் மூலையில் தள்ளினார்கள்.

"தண்ணி பூந்திச்சா பாரு" என்றான் வேம்புலி. "கெட்டுப்போச்சின்னா அந்த ஆளு நம்ம தலையில கட்டிடுவாரு."

வேதமுத்து பிளக்கைச் சொருகினான். வால்வு சூடாகட்டும் என்று நின்றான். குமிழ் முழுசாகத் திரும்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கட்டைவிரலால் மேல் கம்பியை ஒருமுறை இழுத்தான்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வது! தரை எழுந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி மொத்தமும் ஒரே சமயத்தில் முணுமுணுத்தது. ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டிவைத்த பீங்கான் தட்டுகள் மரப்பெட்டிக்குள்ளேயே கிலுகிலுவென்று பேசிக்கொண்டன. உள்ளங்காலில் ஏறி, முழங்கால் வழியாக வயிற்றில் புகுந்து, நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது அந்த நாதம். வேதமுத்து பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். எடுத்த பிறகும் சுவர் கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தது.

"மாதாவே" என்றான்.

வேம்புலி வாயைப் பிளந்தபடி சட்டைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான். "மாமே, யாரோ நெஞ்சுல கை வெச்சித் தள்றாப்ல கீது. இன்னொரு தபா அடி."

அடித்தான். தாடையைக் கட்டையில் வைக்காமல், நிமிர்ந்து நின்றபடி அடித்தான். ஆறு வருஷமாக எலும்புக்குள் மட்டும் கேட்டதெல்லாம் அறை முழுக்க நடமாடியது. தான் வாசிப்பது இவ்வளவு பெரிதா? இது தன் விரலில் இருந்தா வருகிறது? டீக் கோப்பையோடு உள்ளே வந்த ரொசாரியோ அப்படியே கதவில் சாய்ந்துகொண்டார். மகன் ஞாபகமோ என்னவோ, அவர் கண் கலங்கியிருந்தது. மழை நின்றதுகூட அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

வேம்புலி தலையில் அடித்துக்கொண்டான். "பதினஞ்சி வருசமா மைக் செட் போட்றேன். நாலு செவுத்துக்குள்ள வெச்சிப் பாக்கணும்னு தோணிச்சா பாரு எனக்கு? சத்தம்னா தூரமா ஓடணும்னே நெனச்சிகினு இருந்துட்டேன் மச்சான். இது ஓடாது, குந்திக்கும். எடுத்துடு. யோசிக்காத."

எடுக்க வேண்டும் என்றால் ஒரே வழி, சமையலறைக் கூரை மாற்ற செலின் கட்டிய சீட்டு. வேதமுத்து வீட்டுக்கு ஓடி, கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் வாசலில் நின்றான். விஷயத்தைக் கேட்ட செலின் அரிசி களைந்த கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஆறு வருசமா கச்சேரிக்கி வந்து முன்னால குந்திகினு உன் வெரலத்தான் பாத்துகினு கீறேன். கூர ஒழுவுனா பக்கெட் வெச்சிக்கலாம். போய் எடுத்துகினு வா. ஆனா கொதிக்க வெக்கறதுக்கு வேற குண்டான் வாங்கு, சொல்லிட்டேன்."

ஆயுத பூஜையன்று மாலை நாலு மணிக்குக் கம்பெனி மெஷின் ஷாப்பிலேயே கச்சேரி. லேத்துகளுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்த குங்குமம் வாசலில் காயவில்லை. பெட்டியை ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தான் வேதமுத்து. புது மெஷின் வந்திருக்கிறது என்று நினைத்து யாரோ அதற்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அவன் தன் பங்குக்கு யாரும் பார்க்காதபோது அதன் மேல் சிலுவை போட்டான்.

முதல் பாட்டு. முதல் அடி. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் மேடையைப் பார்க்கவில்லை, தங்களுக்குக் கீழே தரையைப் பார்த்தார்கள். தாம்பாளத்தில் இருந்த பொரி துள்ளியது. தகரக் கூரை உறுமியது. ஃபோர்மேன் எந்த மெஷினை எவன் ஓட்டுகிறான் என்று எழுந்து நின்று தேடினார். தேவராஜ் சரணத்தை எடுக்க மறந்து, மைக்கைப் பிடித்தபடி வேதமுத்துவின் கையையே வெறித்துப் பார்த்தான். பாங்கோஸ்காரன் அவனை விலாவில் இடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பாட்டில்தான் அது நடந்தது. சந்தோஷத்தில் கண் மறைத்ததோ, வியர்வையில் விரல் வழுக்கியதோ, இறங்க வேண்டிய இடத்தில் வேதமுத்து ஏறிவிட்டான். தப்பு. பச்சைத் தப்பு. தேவராஜ் சடக்கென்று திரும்பினான். ஆர்மோனியக்காரன் முகம் சுளித்தான். முன்வரிசையில் குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. இந்த ஆறு வருஷத்தில் அந்த இடத்தில் அவன் எத்தனை தடவை தப்பு செய்திருப்பானோ, ஒருத்தன் திரும்பியிருப்பானா? வேதமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த அடியில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தான், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட வாசித்தான்.

கச்சேரி முடிந்து தேவராஜ் கிட்டே வந்தான். கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றான். "திங்கக்கெழம ரிகர்சலுக்கு சீக்கிரம் வா. அந்த ரெண்டாவது பாட்ட ஒயுங்குபடுத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ட்ரம்பெட் பேச்சையே எடுக்காமல் போனான்.

பெட்டியை வேம்புலியின் தட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கணவனும் கச்சேரி கேட்க வந்திருந்த மனைவியும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். செலின் மடியில் இருந்த பொரியைக் கொறித்தபடி கேட்டாள்:

"இன்னாய்யா, ரெண்டாவது பாட்டுல தப்பா வாசிச்சிட்டியா?"

வேதமுத்து ஆமாம் என்று தலையை ஆட்டினான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, ஆட்டுவதை நிறுத்தவே முடியவில்லை. பஸ் வந்தது. ஏறியதும் ஆவடிக்கு இரண்டு டிக்கெட் கேட்டவன், சில்லறையை நீட்டிக்கொண்டே கண்டக்டரிடமும் சொன்னான்:

"இன்னிக்கி நான் தப்பா வாசிச்சிட்டேன் சார். முந்நூறு பேரு திரும்பிப் பாத்தாங்க."