தட்டு கழுவும் மாப்பிள்ளை

நான் நல்ல பழக்கம் உள்ளவனா இல்லையா என்பது எனக்கே இன்னும் விளங்கவில்லை. சாப்பிட்ட தட்டை நானே கழுவிவிடுவேன். அதில்தான் சிக்கலே.

நாமக்கல் பக்கம், விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தேன். மார்க் வாங்க வைப்பதற்கென்றே கட்டிய பள்ளி. விளையாட்டு பீரியட் கால அட்டவணையில் இருக்கும், மைதானத்தில் இருக்காது. ஆனால் ஒழுக்கத்துக்குக் குறை வைக்கவில்லை. படுக்கையை நாங்களே மடிக்க வேண்டும், துணியை நாங்களே துவைக்க வேண்டும், சாப்பிட்டதும் குழாயடியில் வரிசையில் நின்று அவரவர் தட்டைக் கழுவ வேண்டும். 'தன் கையே தனக்கு உதவி' என்று பிரேயரில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மற்றதெல்லாம் பள்ளியோடு போய்விட்டது. தட்டு மட்டும் கையோடு வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து விருந்துக்காகப் பரமத்தி வேலூரில் மாமனார் வீட்டுக்குப் போனோம். முதல் நாள் வாழையிலையில் கறிச்சோறு, பிரச்சினை இல்லை. மறுநாள் காலை தட்டில் இட்லி வைத்தார்கள். சாப்பிட்டேன், எழுந்தேன், பின்பக்கக் குழாயடிக்குப் போய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். யோசிக்கவே இல்லை. திரும்பினால் மாமியார் சட்னிக் கிண்ணத்தோடு சிலையாக நிற்கிறார்.

"மாப்ளைக்கு நம்ம ஊட்டுல ஏதோ மனக்கொறைங்க" என்று அவர் மாமனாரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. மாமனார் என் முன்னால் வந்து நின்று தோள் துண்டை முறுக்கினார்.

"கறியில உப்பு கிப்பு கூடிப்போச்சுங்களா மாப்ள? எதுனாலும் வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க."

ஒன்றுமில்லை என்றேன். சொல்லச் சொல்ல, ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. சற்று நேரத்தில் அப்பாவிடமிருந்து போன்.

"ஏஞ்சாமி, அங்க என்ன பண்ணித் தொலச்ச?"

"தட்டுக் கழுவுனனுங்கப்பா."

"டாக்டராக்கலாம்னு அந்த இஸ்கோல்ல சேத்துனேன். நீ தட்டுக் கழுவக் கத்துக்கிட்டு வந்திருக்கறே" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பள்ளியில் ஒழுக்கம் என்றார்கள். இங்கே அதையே கோபம் என்கிறார்கள். எது சரி?

பிறகு சேலத்தில் தனிக்குடித்தனம் வந்தோம். என் மனைவியும் வேலைக்குப் போகிறாள். அவளோடு வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தட்டைக் கழுவுவதைப் பார்த்து, "குடுத்து வெச்சவ நீ" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மட்டும் மற்ற தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள்.

போன வாரம் ஒரு மதியம், இருவரும் சாப்பிட்டு முடித்து நான் வழக்கம்போல் கழுவிவிட்டு வந்தேன்.

"ஏனுங்க, ஒன்னு கேக்கட்டுங்களா?" என்றாள். "தெனமும் உங்க தட்டக் கழுவறீங்க. பக்கத்துலயே என் தட்டும் கெடக்குது. அது உங்க கண்ணுல பட்டதே இல்லீங்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். உண்மையிலேயே என் கண்ணில் பட்டதில்லை. தொட்டியடிக்குப் போய் அவள் தட்டைக் கையில் எடுத்தேன். அடுத்தவர் பொருளைத் தொட்டதுபோல் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் பள்ளியில் கை முறிந்து கட்டுப் போட்டிருந்த ஒருவன் நினைவுக்கு வந்தான். குழாய்த் திண்டில் தட்டை முழங்கையால் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் கழுவுவான். நாங்கள் பின்னால் வரிசையில் பொறுமையாக நிற்போம். அவனைப் பிரேயரில் மேடையேற்றிப் பாராட்டினார்கள். எல்லோரும் கைதட்டினோம். எனக்குக் கண்கூடக் கலங்கியது.

அத்தனை பேர் நின்றோம். அந்தத் தட்டை வாங்கிக் கழுவலாம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.