மைசூரில் நடுவே விழுந்த பந்து

போன சனிக்கிழமை கொள்ளேகாலிலிருந்து மைசூரின் மீது படையெடுத்தேன். படை என்றால் நான் ஒருவன்தான். அக்கா மகள் காவ்யா போன் செய்திருந்தாள்: "மாமா, எனக்கு வாலிபாலே வேண்டாம். நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிருங்க." கல்லூரி அணியில் அவள் செட்டர், அதாவது அடிப்பவளுக்குப் பந்தை ஏந்திக் கொடுப்பவள்.

காலை ஆறரை பஸ். அறுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். பெண்களுக்கு இலவசம் என்பதால் பூலோகத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஏறியிருந்தார்கள். டிக்கெட் வாங்கிய ஒரே ஜீவனான நான் நின்றுகொண்டே போனேன். மைதானத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"மேட்ச் பாக்கவா சார்?"

"இல்லைங்க, ஒரு வீராங்கனையைக் கடத்த."

"அப்ப வெயிட்டிங் சார்ஜ் தனி."

காவ்யாவின் அறைத்தோழி ரூபா, ஹெப்பாள் ஊர்ப் பெண், அணியில் அடித்து ஆடுபவள். கோபம் வந்தால் சாமுண்டி மலை இரண்டடி நகரும்படி கத்துவாள். ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவாள். எங்கள் காவ்யாவோ கோபம் வந்தால் வாயைத் தைத்துக்கொள்வாள். மாதேஸ்வரன் மலைப் பாறை அவளைவிட வாயாடி. புதன்கிழமைப் பயிற்சியில் எல்லோர் முன்னாலும் ரூபா அவளைப் பார்த்துக் கத்திவிட்டாள். அன்றிலிருந்து இவள் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இங்கே பந்தை எடுக்கப் போகிறவள் "நந்து!" என்று கூவ வேண்டும். கன்னடத்தில் 'என்னுது'. இரண்டாம் செட்டில் இருவருக்கும் நடுவே ஒரு பந்து உயர்ந்து வந்தது. யாரும் கூவவில்லை. பொத்தென்று விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

கோச் டைம் அவுட் கேட்டு, ரூபாவிடம், "உன் தொண்டைக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். அவள் காவ்யாவைத்தான் பார்த்தாள்.

"நான் கத்துனாத்தானே உனக்கு வலிக்குது? அதான் கத்தல. நீயாச்சும் என்னைத் திட்டுடி. இப்படிச் சும்மா இருக்காத."

"எல்லார் முன்னாடியும் கத்துன," என்றாள் காவ்யா. மூன்று நாளில் முதல் வாக்கியம்.

"தப்புதான்டி."

அடுத்த பந்துக்குக் காவ்யா "நந்து!" என்று கூவினாள் பாருங்கள், மூன்று கிலோமீட்டர் தள்ளி அரண்மனைப் புறாக்கள் மொத்தமும் பறந்தன. ஏந்திக் கொடுத்தாள். ரூபா அடித்தாள். ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு விஷயம்.

காவ்யா கட்டி எடுத்து வந்திருந்த பெட்டியை நான் தூக்கினேன்.

"அதை வைங்க மாமா. காலைல பிராக்டிஸ் இருக்கு."

"அங்கிள் பாவம்டி, காபியாவது வாங்கிக் குடு," என்றாள் ரூபா. குடித்தேன். கண்ணில் ஏதோ தூசி.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மைதானத்தில் நிழல் கிடையாது; தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். ஆட்டம் முடியும்வரை பெண்ணிடம் எதுவும் கேட்காதீர்கள். என்னால்தான் சமாதானம் ஆயிற்று என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் கெடுத்துவிட வேண்டாம்.