கண்ணுசாமி திரும்பி வந்த படம்

சாவைச் சாவு என்று நேரே சொல்லும் வழக்கம் திருச்செங்கோட்டுப் பக்கம் கிடையாது. முதலில் உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை என்பார்கள். பிறகு சீரியஸ் என்பார்கள். கேட்டவர் பாதி வழி வந்து சேர்ந்த பிறகுதான் மீதி வெளியே வரும். நல்ல மனசோடு செய்கிற காரியம்தான். ஆனால் அந்த நல்ல மனசு கோகிலவாணியின் வீட்டைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கு, மூஞ்சிக்கு நேரே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

அவள் புருஷன் கண்ணுசாமி ரிக் லாரியில் வேலை பார்த்தான். போர் போடும் அந்த லாரிகள் இங்கிருந்து கிளம்பினால் வடக்கே எங்கெங்கோ சுற்றிவிட்டு, மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். ஒரு சித்திரை வெயிலில், மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டோரம், கம்ப்ரசரின் காற்று ஓஸ் குழாய் பிடுங்கிக்கொண்டு அவன் நெஞ்சில் அடித்தது. அங்கேயே முடிந்துவிட்டது. கூட இருந்த பங்காளி சின்னுசாமி கோகிலவாணிக்குப் போன் போட்டு, அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, ஊர் வந்து சேரும்வரை உடம்பு தாங்காது, முதலாளி இங்கேயே எரித்துவிடலாம் என்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டான். தறிப்பட்டறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், ஒரு காதில் தறிச் சத்தமும் மறு காதில் போனுமாக நின்று, சரி, எரித்துவிடுங்கள் என்றாள். வேறு என்ன சொல்வாள்? யோசிக்க அவளுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?

மாமியார் சின்னாயியிடம் ஊர் வழக்கப்படி சொன்னார்கள். பையன் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கண் முழித்துவிட்டான், கஞ்சி குடித்தான் என்று ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார்கள். அந்தக் கஞ்சியைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அப்புறம் சின்னுசாமி வந்தான். ஒரு கையில் கண்ணுசாமியின் துணிப்பை, மறு கையில் மஞ்சள் துணி கட்டிய சொம்பு.

சின்னாயி சொம்பைப் பார்த்தாள். அழவில்லை.

"கஞ்சி குடிச்சவன் எப்படிச் செத்தான்?" என்று கேட்டாள்.

முன்னே சொன்னது பொய் என்றால், இப்போது சொல்வது மட்டும் எப்படி நிஜம்? தன் பையன் மூஞ்சியைப் பார்க்காமல் அழ மாட்டேன், கருமாதி செய்ய விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் சொம்பு வாசல் வேப்பமரக் கிளையில் தொங்கியது. மூன்று வருசம் தொங்கியது. ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கு அவனுக்கு என்று மூடி வைத்து, அவன் வந்தால் திறந்திருக்கட்டும் என்று கதவைத் தாழ் போடாமல் படுத்து, காலையில் அதில் தண்ணீர் ஊற்றி மருமகளோடு பகிர்ந்து குடிப்பாள். கோகிலவாணியின் பொட்டு அப்படியே இருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. பட்டறையில் பெண்கள் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோகிலவாணி தலை குனிந்தபடி நூல் சுற்றினாள். எரிக்கச் சொன்னது தான்தான் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருக் கலையரசன் நாவல் எழுதினார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், நல்ல மனுசர். வந்து உட்கார்ந்து கேட்டு, பேரையெல்லாம் மாற்றித்தான் எழுதினார். கிளையில் சொம்பு ஆடுகிறது, கீழே தாய் காத்திருக்கிறாள் என்பதோடு நாவல் முடிந்தது. அது எங்கெங்கோ இருக்கிறவர்களையெல்லாம் அழவைத்ததாம். பதிப்பு மேல் பதிப்பு வந்தது. இந்தத் தெருவில் யாரும் படிக்கவில்லை. சின்னாயிக்கு எழுத்தே தெரியாது. புத்தகம் அலமாரியில் சும்மா இருந்தது, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

நாவல் வந்த அடுத்த ஆடியில், பேய்க்காற்றில் கயிறு அறுந்து சொம்பு விழுந்தது. சின்னாயி மண்ணில் சிந்தியதைக் கையால் கூட்டி அள்ளினாள். எத்தனை நாளைக்குத்தான் அவனும் தொங்குவான் என்றாள். அப்போதுதான் அழுதாள். தெருவே கூடி நின்றது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பவானிக் கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்தார்கள். கோகிலவாணி பொட்டை எடுத்தாள். அன்றைக்கு ராத்திரி சின்னாயி கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கினாள். புருஷன் செத்ததற்கு ஒருத்தி நிம்மதிப்படலாமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கோகிலவாணிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அது ஒரு வருசம்கூட நிலைக்கவில்லை. கலையரசன் ஒரு இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரபா என்று பேர், உதவி இயக்குநர். நாவலைப் படமாக எடுக்கப் போகிறார்கள், இதே தெருவில், இதே வேப்பமரத்தடியில் எடுக்க ஆசைப்படுகிறார்கள் என்றார். கோகிலவாணிக்கு ஒன்று விளங்கவில்லை. அதுதான் புத்தகமாக வந்துவிட்டதே, அதையே ஏன் மறுபடி படமாக எடுக்க வேண்டும், ஊரில் வேறு கதையா இல்லை என்று கேட்டாள்.

பிரபா சிரித்தான். புதுக் கதையை நம்பி யாரும் முதல் போட மாட்டார்கள், இது லட்சம் பேர் படித்து அழுத கதை, அழுதவர்கள் எல்லோரும் படத்துக்கும் வருவார்கள், படிக்காதவர்களையும் இழுத்துக்கொண்டு வருவார்கள் என்றான்.

"அப்படீன்னா தண்ணி கண்ட தோட்டத்தை ஒட்டியே போர் போடறாப்பலீங்க" என்றாள் அவள்.

அவன் கையைத் தட்டி, இதைப் படத்தில் வைத்துவிடுகிறேன் என்றான். ரிக்காரன் பெண்டாட்டிக்கு அந்தத் தொழிலில் இன்னொன்றும் தெரியும். பக்கத்தில் ஆழமாகப் புதுப் போர் விழுந்தால், முதலில் தண்ணீர் கண்ட கிணறு வற்றும். அதை அவள் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"முடிவ மட்டும் மாத்திராதீங்க. எங்க அத்தை இப்பத்தானுங்க தூங்குது."

"மாத்த மாட்டோங்க்கா. புத்தகத்துல இருக்கிறதுதான் படம்" என்றான் பிரபா.

கிளம்பும்போது கண்ணுசாமியின் சட்டை ஒன்று இருந்தால் மாதிரிக்கு வேண்டும் என்றான். துணிப்பையிலிருந்த பச்சைக் கட்டம் போட்ட சட்டையைச் சின்னாயியே எடுத்துக் கொடுத்தாள். காலர் ஓரத்தில் அவள் கையால் போட்ட தையல் இருந்தது.

படம் முடிந்து, திருச்செங்கோட்டுத் தியேட்டரில் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு காட்சி இலவசமாகப் போட்டார்கள். வேன் வந்தது. மாமியாரை எப்படி நிறுத்துவது என்று கோகிலவாணி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சின்னாயி புதுச் சேலை கட்டி முதல் ஆளாக வேனில் உட்கார்ந்திருந்தாள். முடிவு தெரிந்ததுதானே, அழுதுவிட்டு வந்துவிடலாம் என்று கோகிலவாணியும் ஏறினாள்.

முக்கால் படம் ஒழுங்காகத்தான் போனது. திரையில் அவர்கள் வீட்டு வேப்பமரம், அதில் சொம்பு. தண்ணீர் கண்ட இடத்தில் போர் போடும் வசனம் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் தாய் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தெருமுனையில் ஒரு பஸ் வந்து நின்றது. தாடி வைத்த ஒருவன் பையோடு இறங்கினான். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. தாய் எழுந்து ஓடுகிறாள், காலர் ஓரத்துத் தையலைத் தடவிப் பார்க்கிறாள். தியேட்டர் முழுக்க விசில். கண்ணுசாமியின் சாவு தெரிந்த பங்காளிகளே எழுந்து நின்று கைதட்டினார்கள். பாவிகள்.

கோகிலவாணி பக்கத்தில் திரும்பினாள். சின்னாயி கைதட்டவில்லை. ரொம்ப நிதானமாக, "நாந்தான் அப்பவே சொன்னேனே சாமி" என்றாள்.

வெளியே பிரபா நின்றிருந்தான். கோகிலவாணி முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. பழைய முடிவோடு ஒருதடவை போட்டுக் காட்டினோம், பார்த்தவர்கள் கனத்த மனசோடு எழுந்து போனார்கள், அப்படிப் போகிறவர்கள் இன்னொருத்தரை அனுப்ப மாட்டார்கள், தயாரிப்பாளர் மாற்றச் சொல்லிவிட்டார் என்றான். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. புத்தகத்தில் அழுதவர்கள் படத்தில் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவள் எந்த வீட்டுக்குப் போவாள்?

அன்றைக்கு ராத்திரி சின்னாயி கதவுத் தாழை எடுத்தாள். சோற்றில் ஒரு பங்கை மூடி வைத்தாள். இனியும் பொறுத்தால் பழையபடி ஆகிவிடும் என்று கோகிலவாணிக்குப் பயம் வந்தது. மாமியார் காலடியில் உட்கார்ந்து, இத்தனை வருசம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அத்தை, அது சினிமாங்க. அவரு ஆஸ்பத்திரிக்கே போகலீங்க. அடிச்ச எடத்துலயே போயிட்டாரு. எனக்குத்தான் போன் பண்ணிக் கேட்டாங்க. நாந்தானுங்க எரிக்கச் சொன்னேன்."

அடி விழும் என்று நினைத்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தாள். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தாள். சின்னாயி அவள் தலையில் கை வைத்தாள்.

"நீ பாத்தியா கண்ணு?"

"இல்லீங்க."

"அப்ப வேற எவனையோ எரிச்சிருக்காங்க. நீ எதுக்கு அழுவறே?"

எழுந்து போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, மருமகளின் நெற்றியில் தன் கையாலேயே பொட்டு வைத்தாள். புருஷன் வருகிற நேரத்தில் வெறும் நெற்றியோடு நிற்காதே என்றாள்.

இப்போதும் கோகிலவாணி தினமும் காலையில் பொட்டோடுதான் வீட்டை விட்டு வெளியே வருகிறாள். கடையில் வாங்கிய ஒட்டுப்பொட்டு. பட்டறைக்குத் திரும்பும் முக்கில் யாரும் இல்லாதபோது அதை எடுத்துச் சோற்றுத் தூக்குப்போசி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவாள். சாயங்காலம் அதே முக்கில் மறுபடி எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். வாசலில் சின்னாயி தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பஸ் வந்துவிட்டதா என்று கேட்பாள். இன்னும் வரவில்லைங்க என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி மூன்று பேருக்கு உலை வைக்க உள்ளே போவாள்.