சுற்றும் திரையும் சூடாகும் பாலும்

அலுவலகத்தில் தினமும் பார்க்கும் கணக்குத் திரை, அதாவது டேஷ்போர்டு, ஆமை வேகத்தில் வந்தால் அதைத் தட்டி எழுப்புவது என் தொழில். 'லோடிங்' என்று சுற்றுவதை வெறித்துப் பார்த்தபடி நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம். திருத்தணியில் ஒரு பால் கம்பெனிக்குச் செய்த வேலை இது. சுற்றுவட்டார ஊர்களில் அவர்களுக்குப் பாலைக் குளிர வைக்கும் தொட்டிகள் உண்டு. எந்தத் தொட்டியில் எவ்வளவு பால், எவ்வளவு சூடு என்று திரை சொல்ல வேண்டும்.

டீ நேரம்

மேனேஜர் முனிரத்தினம் திரையைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தாலும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தேன். இன்றைய பாலைக் காட்ட, கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து வந்த பாலையெல்லாம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தது, பாவம்.

பழையதைத் தனியே கூட்டி வைத்துவிட்டு, இன்றையதை மட்டும் புதிதாக எடுக்கும்படி மாற்றினேன். தொட்டதும் திரை வந்து நின்றது. முனிரத்தினம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இவ்ளோ சீக்கிரம் வருதுன்னா, இது நேத்து கணக்குதானே சார்?"

கலர் படம்

முதல் பக்கத்தில் படங்களும் அதிகம். கலர் கலராக ஒரு படம், யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. எடுத்துவிடலாமா என்றேன். முனிரத்தினம் பதறிவிட்டார்.

"ஐயோ, அது முதலாளி கேட்டு வாங்கினது சார். இருந்தா பார்க்க மாட்டாரு, எடுத்தா பார்ப்பாரு!"

ஆடிக் கிருத்திகை

காவடிக் கூட்டத்தில் ஊரே அடைத்துக்கொண்டது. முனிரத்தினமும் நானும் அவர் பைக்கில் நெரிசலில் மாட்டி நின்றோம். போனில் சிக்னல் திணறியது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்று, படமே இல்லாமல் ஊர்ப் பெயரும் சூடும் மட்டும் எழுத்தில் வரும் பக்கம் ஒன்றைச் செய்து வைத்திருந்தேன். அது திறந்தது. கே.ஜி.கண்டிகை என்ற ஊர்ப் பெயர் சிவப்பில் இருந்தது, அங்கே பாலின் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

அங்கே தொட்டியைக் கவனிப்பவர் செல்வி. முனிரத்தினம் விடாமல் அடித்ததில் ஒருவழியாக லைன் கிடைத்தது, ஸ்பீக்கரில் போட்டார். கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. "நானும் போன் போட்டுகினே இருக்கேன் சார், லைனே கெடைக்கல. எல்லாம் நம்ம தெரு பொம்பளைங்க கறந்து ஊத்தின பால். கெட்டுப்போனா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

ஆர்.கே.பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த டேங்கரை முனிரத்தினம் கண்டிகைக்குத் திருப்பினார். அதற்குப் பிறகு எங்களால் செய்ய ஒன்றுமில்லை. "அரோகரா" சத்தத்துக்கு நடுவே இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் செல்வியே கூப்பிட்டார்.

"டெஸ்ட் பண்ணி டேங்கர்ல ஏத்திட்டாங்க சார், பால் நல்லா கீது. காலையிலேர்ந்து நின்னுகினே இருந்தேன், இப்பதான் உக்காந்தேன்."

இப்போது அங்கே திரை சுற்றுவதே இல்லை. வேலையை ஒழுங்காக முடித்துவிட்டால் 'இவருக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கப்படும் தொழில்களில் என்னுடையதும் ஒன்று.